புதைத்த எண்ணில் ஒரு குரல்

“இந்தக் கடை நிரந்தரமா மூடியாச்சுன்னு மேப்புல சிவப்பு எழுத்துல போட்டிருக்கு. நீங்க என்னடான்னா டியூபைத் தண்ணியில முக்கிக்கிட்டு இருக்கீங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்கக்கா,” என்றான் துஷாந்த்.

ஜீவராணி நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. ஈரக் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டாள்.

“மேப்புதான் பொய் சொல்லுது. ஆனா கொஞ்ச நாள்ல அது சொல்றதே நெசமாயிரும் போல.”

பொகவந்தலாவைக்கு ஏறும் வீதியில், பஸ்கள் ஹார்ன் அடித்துவிட்டுத் திரும்பும் ஒரு வளைவைத் தாண்டி இருந்தது அந்தக் கடை. தகரக் கூரை, ஒரு காற்று மெஷின், சுவரோரம் பல் தேய்ந்த டயர்கள். ‘தர்ஷன் டயர் ஹவுஸ்’ என்ற பலகைக்குக் கீழே தர்ஷனின் படம் மாலையோடு தொங்கியது. அவன் போன பிறகு மனைவி ஜீவராணி தனியாளாகக் கடையை நடத்துகிறாள்.

ஸாலிஹா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஹட்டன் டவுனில் புடவைக் கடை வைத்திருந்தவரின் மகள். வாசலில் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே ஆள் புடவை வாங்க வந்தவரா, மழைக்கு ஒதுங்கியவரா என்று சொல்லிவிடுவாள். சின்னக் கடைகளை இணையத் தேடலில் ஏற்றிவிடுவதுதான் அவள் தொழில். ஆனால் கடைகள் ஏற ஏற, பக்கத்துக் கடைக்காரனின் இடக்குறியைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறவனும், மச்சான் பெயரில் பொய் விமர்சனம் எழுதுகிறவனும் கூடவே முளைத்தார்கள். கடையைக் காட்டிக் கொடுக்கத் தொடங்கியவள், கடையை மறைக்கிறவனைத் தேடிப் பிடிப்பதில் வந்து நின்றாள். துஷாந்த் அவளுடைய உதவியாளன். கம்ப்யூட்டர் வேலைக்கென்று சேர்த்தாள். சம்பளத்தில் பாதி அவன் வாய்க்குப் போகிறது என்பது அவள் கணக்கு.

“முதல் தடவை மூடினப்போ என்ன செஞ்சீங்க?” என்று கேட்டாள் ஸாலிஹா.

“தெரிஞ்சவங்களை விட்டு, கடை தொறந்திருக்குன்னு சொல்லச் சொன்னேன் மிஸ். சரியாச்சு. கொஞ்ச நாள்ல திரும்ப மூடிருச்சு. இது மூணாவது தடவை.”

“மேப் இல்லாம கடை ஓடாதா?”

“ஊர் ஆளுங்க, பொம்பளை வீல் கழட்டுறதைப் பார்த்துட்டு அப்படியே போயிருவாங்க. மேப்பைப் பார்த்து வர்றது வெளியூர் ஆளுங்கதான். நடுரோட்டுல டயர் போய் நிக்கிறவங்களுக்கு ஆம்பளை பொம்பளை எல்லாம் தெரியாது. ஓட்டை மட்டுந்தான் தெரியும்.” ஜீவராணி குரலைத் தாழ்த்தினாள். “ஞாயித்துக்கிழமை ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்லணும் மிஸ். குவைத்துல வீட்டு வேலை. மெடிக்கல் முடிஞ்சு, பாஸ்போர்ட்டும் அவங்க கையில இருக்கு. கடை ஓடினா இங்கேயே இருந்துருவேன். இல்லாட்டி பிளேன்தான்.”

“வீட்டுல வேற யாரு?”

“அவரோட அம்மா, என் அத்தை இருக்காங்க. மேல தோட்டத்துல, மேல் டிவிசன் லயத்துல. எனக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்ல.”

ஸாலிஹா பேச்சைத் தொழிலுக்குத் திருப்பினாள். “மேப்புல இருக்கிற நம்பர் யாரோடது?”

“அவருடையது. மேப்புல கடைக்குன்னு இருக்கிற அந்தப் பக்கமே அவர் போன்லதான் தொறந்தது. நான்தான் தொறந்து கொடுத்தேன். மாத்தணும்னா அந்தப் போனுக்கு ஏதோ ரகசியக் கோடு நம்பர் வருமாம். போன் இல்லாம என்னத்த மாத்த?”

ஸாலிஹா சும்மா அந்த எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியைப் போட்டாள். வியாபாரத்தில் கேட்டுப் பார்ப்பதற்குக் காசில்லை.

மணி அடித்தது.

ஜீவராணியின் கையிலிருந்த ஸ்பேனர் சிமெந்துத் தரையில் விழுந்தது. மணி அடித்து அடித்து, யாரும் எடுக்காமல் ஓய்ந்தது.

“அந்தப் போன் பெட்டிக்குள்ள இருக்கு மிஸ்,” என்றாள்.

“எந்தப் பெட்டி?”

“அவரை வச்ச பெட்டி. ஆசையா வச்சிருந்ததை எல்லாம் கூடவே வச்சு அனுப்புறது எங்க வழக்கம். வாட்ச், சீப்பு, போன். நான்தான் என் கையால நெஞ்சுகிட்ட வச்சேன்.”

“நம்ம ஆபீஸ்ல ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாத்தான் சிக்னல் வரும். மண்ணுக்குள்ள நல்லா கிடைக்குது போல,” என்று தொடங்கிய துஷாந்த், ஜீவராணியின் முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கினான்.

*

“சுதாகரன்தான்,” என்றான் துஷாந்த், முச்சக்கர வண்டியைப் பஜாருக்குத் திருப்பிக்கொண்டே. “பஜார்ல டயர் கடை. இவங்க கடை மூடினா லாபம் அவனுக்கு. பெட்டி தூக்கினதுல அவனும் ஒருத்தன்னு கேள்வி. இதுக்கு மேல துப்பறிஞ்சா பெட்ரோலுக்குத்தான் நட்டம்.”

சுதாகரன் ஒரு லொறியின் வயிற்றுக்குக் கீழேயிருந்து வெளியே வந்தார். ஐம்பது வயது. விஷயத்தைக் கேட்டதும் கோபப்படவில்லை. பக்கத்துக் கடைக்கு மூன்று பிளேன்டீ சொன்னார்.

“மிஸ், நீங்க வியாபாரக் குடும்பம். உங்களுக்குப் புரியும். அந்தப் பிள்ளை கடை மேப்புல இருந்தப்போ பத்து வண்டி தேடி வரும். நாலு அங்க நிக்கும். ஆறு, பொம்பளையைப் பார்த்துட்டு, கூச்சப்பட்டு நேரா என்கிட்ட வரும். எனக்கு மேப்பும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது. அந்தப் பிள்ளை பேர்லதான் நானும் சாப்பிட்டேன்.” அவர் வெறிச்சோடிய முற்றத்தைக் காட்டினார். “இப்ப பாருங்க. அவ கடையை மூடினவன் என் கடையையும் சேர்த்துத்தான் மூடியிருக்கான். பிடிச்சா எனக்கும் ஒரு போன் போடுங்க.”

வெளியே வந்ததும் துஷாந்த் பெருமூச்சு விட்டான். “எதிரின்னு நம்பி வந்தா, பங்காளியா இருக்காரு. இனி யாரை மிஸ் சந்தேகப்படுறது?”

ஸாலிஹா வண்டியின் பின்னிருக்கையில் உட்கார்ந்து, ஜீவராணி கடையின் மேப்புப் பக்கத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலையைப் பனிமஞ்சு மூடிக்கொண்டு வந்தது.

“துஷாந்த், நீ மழையில நனைஞ்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்கிற. டயர் வெடிச்சிருக்கு. மேப்பைப் பார்த்து ஒரு கடைக்குப் போன் போடுற. கடை மூடியாச்சுங்கிறாங்க. எத்தனை நட்சத்திரம் கொடுப்ப?”

“ஒண்ணு. அதுவும் அரை நட்சத்திரம் கொடுக்க வசதி இல்லாததால.”

“இங்க பாரு.”

துஷாந்த் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பினான். தர்ஷன் இறந்த பிறகு அந்தப் பக்கத்துக்கு வந்த விமர்சனங்கள் வரிசையாக இருந்தன. கம்பளைக்காரர் ஒருவர், கண்டிக்காரர் ஒருவர், கினிகத்தேனையில் வேன் ஓட்டுகிற ஒருவர். பாதிப் பேர் சிங்களப் பெயர்கள். ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. ஒருவர் மட்டும் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார். எல்லோரும் ஐந்து நட்சத்திரம்.

“டயர் ஒட்டினா அதைப் பத்தி ரெண்டு வார்த்தை எழுதியிருப்பாங்களே,” என்றான் துஷாந்த்.

“ஒட்டல. ஜீவராணிகிட்ட இந்த ஆளுங்க யாரும் வரல. இவங்கதான் கடை மூடியாச்சுன்னு மேப்புக்குச் சொன்னவங்க. எதிரி வேலைன்னா திட்டு இருக்கணும். இவங்க நல்ல மனசோட மூடியிருக்காங்க.”

“மூடின கடைக்கு எவன் மிஸ் அஞ்சு நட்சத்திரம் கொடுப்பான்?”

“கடைக்குக் கொடுக்க மாட்டான். செத்த வீட்டுக்குக் கொடுப்பான். சாவு வீட்டுக்குப் போய் டீ சரியில்லைன்னு யாரும் குறை சொல்றதில்ல.” ஸாலிஹா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். “அந்த நம்பர்ல யாரோ ஒருத்தங்க, கேட்கிறவங்க மனசு உடையிற மாதிரி அவன் செத்ததைச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. முன்பின் தெரியாத ஆளுங்க, தன் டயரை மறந்துட்டு அவனுக்காகக் கும்பிடுறாங்க.”

“போன் பெட்டிக்குள்ள போனதை அந்தக்கா கையால…”

“வச்சது ஜீவராணி. வச்சதை எடுக்கலாம் இல்லையா. மூடி போடுறதுக்கு முன்னால பெட்டிக்குள்ள கை விட்டா யாருமே ஏன்னு கேட்காத ஆள் ஒருத்தங்கதான் இருக்காங்க.”

துஷாந்த் வண்டியை மேல் டிவிசன் பக்கம் திருப்பினான். கேலி எதுவும் வரவில்லை.

*

லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா, தர்ஷனின் அம்மா பேச்சியம்மாவுடையது. கதவு திறந்திருந்தது. அறுபதைத் தாண்டியவள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி, தண்ணீர்க் குழாயான பீலிக்குப் பக்கத்தில் நின்றபடியே ஸாலிஹா அந்த எண்ணை மறுபடி அழுத்தினாள்.

கம்பளிக்குள்ளிருந்து மணிச்சத்தம் வந்தது.

பேச்சியம்மா கையை உதறிவிட்டு, போனை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்தாள். “ஓவ் மாத்தயா. கடே வஹலா மாத்தயா,” என்றாள். கடை மூடிவிட்டது ஐயா. பிறகு அதே உடைந்த சிங்களத்தில், மெதுவாக, ஏற்கனவே பலமுறை சொன்ன பழக்கத்தோடு சொன்னாள்: மகன் இல்லை. செத்துப் போய்விட்டான். நல்ல பிள்ளை. நீங்கள் மழையில் நிற்காதீர்கள்.

ஸாலிஹாவால் அழைப்பைத் துண்டிக்க முடியவில்லை. அதைக் காதில் வைத்தபடியே நடந்து போய் அவள் முன்னால் நின்றாள்.

பேச்சியம்மா நிமிர்ந்து பார்த்தாள். இவள் கையிலிருந்த போனையும், தன் கையிலிருந்த போனையும் பார்த்தாள். பயந்ததாகத் தெரியவில்லை.

“உக்காருங்க தாயி,” என்றாள். “டயரு போனவங்களா?”

“இல்லீங்கம்மா. ஜீவராணி அனுப்பி வந்தோம். போனைத் தேடி.”

கிழவியின் விரல்கள் போனை இறுக்கின. “பெட்டியில வச்சிருந்தா. சட்டைக் காலரைச் சரி பண்ற மாதிரி கையை விட்டு எடுத்துட்டேன்.”

“ஏங்கம்மா?”

“இதுலதானே கூப்பிட்டாங்க? அன்னைக்கு மழை. சாப்பிட உக்காந்தான். எவனோ வளைவுல லொறியோட நிக்கிறேன்னு கூப்பிட்டான். சோத்துல கை வச்சவன் எந்திரிச்சுப் போனான். மஞ்சுல பஸ்காரனுக்கு ஆள் தெரியல.” அவள் நிறுத்தினாள். “இதையும் கூடவே வச்சா, மண்ணுக்குள்ளயும் கூப்பிடுவாங்க. இவன் எந்திரிச்சுப் போயிருவான். அங்கயாச்சும் தூங்கட்டும்னு எடுத்துட்டேன்.”

துஷாந்த் தலையைத் திருப்பித் தேயிலை நிரைகளைப் பார்த்தான்.

“அப்புறம் அது அடிச்சுச்சு. எடுத்தா, தர்ஷன் இருக்காரான்னு கேட்கிறாங்க. லயத்துல இப்ப யாரும் அவன் பேரைச் சொல்றதில்ல தாயி. நான் அழுவேன்னு பயம். இந்த வெளியாளுங்கதான் சொல்றாங்க. ஒருத்தர் கண்டியிலருந்து. டயரு வெடிச்சு பிள்ளைங்களோட நிக்கிறாரு. நான் சொன்னதும் என் மகனுக்காக அவர் அழுவுறாரு.”

ஸாலிஹா வியாபாரக் குரலை வரவழைத்துக்கொண்டாள். “அம்மா, மகன் இல்லைங்கிறது சரி. கடை இருக்கே. மருமக நடத்துறாங்களே. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“கோபமா?”

“கோபந்தான். அவதான் அவனை ஊருக்கெல்லாம் காட்டிக் கொடுத்தா. மேப்புல போட்டா கண்டுபுடிச்சு வருவாங்கன்னா. கண்டுபுடிச்சாங்க. செத்த வீட்டுல எல்லார் முன்னாலயும் அதைச் சொல்லிட்டேன். அதுலருந்து அவ லயத்துக்கு ஏறி வரல.”

“அதனாலதான் கடையை மூடுறீங்களா?”

பேச்சியம்மா, இவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதுபோல் பார்த்தாள்.

“அவ கையில ஜாக்கி இருக்கு தாயி. நடுவழியில நிக்கிறோம்னு எவனாச்சும் கூப்பிட்டா, அவனை மாதிரியே அவளும் எந்திரிச்சுப் போயிருவா. அதே வளைவு, அதே மஞ்சு. எனக்கு அவளைத் தெரியும், சோம்பேறி இல்ல. கூப்பிட ஆள் இல்லாட்டி கடைக்குள்ளேயே இருப்பா. உசுரோட இருப்பா.”

பக்கத்துக் காம்பராவில் யாரோ விறகு உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸாலிஹா சொல்லத்தான் வேண்டும். “அம்மா, கூப்பிட ஆள் இல்லாததால அவங்க கடைக்குள்ள இருக்கப் போறதில்ல. ஞாயித்துக்கிழமையோட குவைத்துக்குப் பதில் சொல்றாங்க. வீட்டு வேலைக்கு.”

பேச்சியம்மாவின் கை கீரைத் தட்டின் மேல் அப்படியே நின்றது. அவளுக்குக் குவைத் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். அங்கே போனவர்கள் திரும்பி வந்த விதங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“நானா அனுப்புறேன்?” என்றாள்.

கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, போனை நீட்டினாள்.

“சரி. எடுத்துக்கங்க. ஆனா ஒண்ணு. அவ ரோட்டுக்குப் போகக் கூடாது. அதை அந்த மேப்புல எழுதிக் கொடுங்க.”

ஸாலிஹாவுக்குள் இருந்த கடைக்காரர் மகள் விழித்துக்கொண்டாள். அவசரத்துக்கு ஓடிப் போவதுதான் இந்தத் தொழிலில் பாதி வருமானம். “பகல்ல மட்டும் போகலாமாம்மா?”

“கூடாது.”

“மழை இல்லாத நாள்ல?”

“இங்க எப்ப தாயி மழை இல்ல?”

“கடைக்குக் கொஞ்சம் கீழே, கண்ணுக்குத் தெரியிற தூரம்?”

“என் மகனும் கண்ணுக்குத் தெரியிற தூரத்துலதான் கிடந்தான்.”

ஸாலிஹா தன் வாழ்நாளில் முதல் தடவையாக, சொன்ன விலைக்கே ஒரு பொருளை வாங்கினாள்.

துஷாந்த் திண்ணென்று கனத்த அந்தப் பழைய போனை வாங்கி, கோடு நம்பர் வரக் காத்திருந்து, மேப்பில் ஜீவராணியின் எண்ணுக்கு மாற்றினான். சிவப்பு எழுத்து போய், ‘திறந்துள்ளது’ என்று பச்சையில் வந்தது. கீழே, கிழவி சொல்லச் சொல்ல, ஒரு வரி எழுதினான். போனைத் திரும்ப அவள் கையில் வைத்தான்.

“இனி இதுல யாரும் அவனைக் கேட்டு வர மாட்டாங்களா தம்பி?”

எதற்கும் பதில் வைத்திருக்கும் துஷாந்த் ஸாலிஹாவைப் பார்த்தான். பொய் சொல்லி விற்றுப் பழகிய பரம்பரையில் வந்தவள் அவள். அன்றைக்கு அவளிடமும் விற்க ஒரு பொய் இருக்கவில்லை.

“மாட்டாங்கம்மா,” என்றாள்.

பேச்சியம்மா தலையாட்டினாள். போனைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு கீரைத் தட்டை எடுத்தாள். “நான்தான்னு அவகிட்டச் சொல்லாதீங்க.”

*

கடைக்கு அவர்கள் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது.

“போன் கிடைச்சிருச்சு. நம்பர் மாத்தியாச்சு. யார்கிட்ட இருந்துச்சுன்னு மட்டும் கேட்காதீங்க,” என்றாள் ஸாலிஹா. ஜீவராணி கேட்கவில்லை. தன் போனில் பக்கத்தைத் திறந்து பச்சை எழுத்தைப் பார்த்தாள். பிறகு கீழே இறங்கிப் புதிய வரியைப் படித்தாள்: ‘வீதிக்கு வந்து வேலை செய்வதில்லை. எவ்வளவு அவசரமானாலும் டயரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு வரவும்.’

அவள் அதை மறுபடி படித்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, மேல் டிவிசன் இருக்கும் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே முதல் அழைப்பு வந்தது. சிவனொளிபாத மலைக்குப் போகும் வேன், மேலே வளைவில் நிற்கிறதாம். ஸ்டெப்னியிலும் காற்றில்லையாம். ஜீவராணியின் கண் தானாக மூலையிலிருந்த ஜாக்கிக்குப் போனது.

“டயரைக் கழட்டிக் கொண்டாங்கண்ணே. நான் வர முடியாது.”

மறுபக்கத்தில் ஆள் கத்துவது ஸாலிஹாவுக்கே கேட்டது. மழை, குழந்தைகள், இதெல்லாம் ஒரு கடையா. லைன் அறுந்தது.

“ஒரு நட்சத்திரம் நிச்சயம்,” என்று முணுமுணுத்தான் துஷாந்த்.

உடனே அடுத்த அழைப்பு. இந்தத் தடவை ஏஜென்ட். ஞாயிறு வரை பொறுக்க முடியாதாம், டிக்கெட் போட வேண்டுமாம், இப்போதே சொல்ல வேண்டுமாம். ஜீவராணி வெளியே பார்த்தாள். வீதியில் எந்த வண்டியும் இல்லை. தண்ணீர்தான் வளைவிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது.

“இல்லீங்க,” என்றாள். “நான் வரல.”

ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“வீட்டுல அத்தை விட மாட்டாங்க.”